முழங்கை வளைவின் வெள்ளைக் கம்பங்கள்

உங்கள் அலுவலகப் படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம், மேடம். ஏறி வரும்போது எனக்குக் கால் தட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த காவலருக்குத் தட்டவில்லை, அவருக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து. படியின் விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தால் போதும். ஆனால் அடிக்க மாட்டீர்கள். யாராவது ஒருத்தர் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகுதான் அடிப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மனிதர்கள் அப்படித்தான் என்று என் வேலையில் தெரிந்துகொண்டேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் சாலைப் பராமரிப்பில் மேற்பார்வையாளன். ஊருக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஓடும் சாலை என் பொறுப்பு. குழியை அடைப்பது, கோடு போடுவது, ஓரத்துப் புதரை வெட்டுவது, பலகைகளில் படிந்த தூசியைத் துடைப்பது என்று என் தலை நரைத்ததே அந்தச் சாலையில்தான். கல் லாரி, தொழிற்சாலை பஸ், பள்ளிக்கூட வேன், அவசரத்திலேயே பிறந்து அவசரத்திலேயே வளர்ந்த பைக்காரர்கள், எல்லோருக்கும் அது ஒன்றுதான் வழி. அதில் ஒரு வளைவு இருக்கிறது. நேராக வருகிற சாலை கால்வாய்க் கரையைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் மடங்கும். லாரிக்காரர்கள் அதற்கு முழங்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். மடங்காமல் நேரே போனால் கால்வாய். ஆழம் அதிகம்.

அங்கே இரும்புத் தடுப்பு வேண்டும் என்று நான் வாய் வலிக்கக் கேட்டிருக்கிறேன். எங்கள் கோட்டப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் அவர் பதில் அதுதான். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார் என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேஜையில் இருந்த வளைவுகளில் என்னுடையது ஒன்று, அவ்வளவுதான். எந்த வளைவில் ரத்தம் காயாமல் இருக்கிறதோ அதற்குத்தான் இரும்பு போகும்.

தடுப்பு இல்லாத இடத்தில் எங்களிடம் இருந்தவை வெள்ளைக் கம்பங்கள்தான். இடுப்பளவு உயரம். தலையில் சிவப்பு ரிப்ளெக்டர். சாலை நேராக இருக்கும்போதே ஓரத்தில் தொடங்கி, வளைவு முழுக்கக் கால்வாய்ப் பக்கமாக வரிசையாக நிற்கும். குளிர்காலக் காலைகளில் கால்வாயிலிருந்து எழும்பும் மூடுபனியில் சாலையே தெரியாது, அந்தச் சிவப்புப் பொட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை வைத்துத்தான் வண்டி திரும்பும். ஒவ்வொரு கம்பமும் தரையில் புதைத்த குழாய்க்குள் நிற்கிறது, ஒரே ஒரு போல்ட்டு. பெயிண்ட் அடிக்கவும் உடைந்தால் மாற்றவும் நாங்கள் அடிக்கடி கழற்றுவோம். கழற்றினால் அதே இடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைக்க வேண்டும் என்பது விதி. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவன் இந்த விதியில் அவ்வளவு கண்டிப்பு. டீ குடிக்க ஜீப்பை நிறுத்தினால்கூடப் பின்னால் ஒரு கூம்பு வைத்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவான். அதனால் அவன் பெயரே கூம்பு.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அம்மா நோயில் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. ஊர் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில் நர்ஸ். எங்கள் குடியிருப்பு முழங்கைக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். தினமும் ஸ்கூட்டரில் அந்த வளைவைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அவள் ஹெல்மெட் மாட்டும்போது வாசலில் நின்று தினமும் ஒரே வாக்கியம் சொல்வேன், “மெதுவா போறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா.” அவளும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிக் கிண்டல் செய்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் காலை ஒரு ரொட்டி வேன் முழங்கையில் நேரே போய்விட்டது. ஓட்டுநர் தூங்கிவிட்டார். இதில் எனக்குப் பங்கில்லை, அதைத் தெளிவாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். வேனைக் கிரேனில் தூக்கி வளைவின் ஓரத்தில் வைத்திருந்தார்கள், கதவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் என் மகள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், “இன்னிக்கு எல்லா வண்டியும் எவ்வளவு ஒழுங்கா போச்சு தெரியுமாப்பா. இந்த ரோட்டுல முதல் தடவையா பயமில்லாம வந்தேன்.”

யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த வாக்கியம்தான். அவள் மேல் பழி போடவில்லை. சொன்னாள் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த நாள் போய் நின்று பார்த்தேன். முழங்கையில் நின்றால் வண்டிகளைப் பார்க்கவே வேண்டியதில்லை, காதால் கேட்டால் போதும். பயம் இருந்தால் வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பார்கள், இன்ஜின் முனகும். பயம் இல்லாவிட்டால் அந்த முனகல் வராது, டயர்தான் கீச்சிடும். அன்று ஒவ்வொரு வண்டியும் முனகியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் எழுதிய பலகைகளும் போட்ட கோடுகளும் செய்ய முடியாததை ஒரு ரொட்டி வேன் செய்துவிட்டது.

ஆனால் வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். மழை வந்து டயர்த் தடத்தை அழித்தது. மெல்ல மெல்ல முனகல் குறைந்து கீச்சு திரும்பியது. நாங்கள் வெள்ளைக் கோடு போடுகிறோம், சக்கரம் ஏறி ஏறி அது தேய்கிறது, தேய்ந்தால் மறுபடியும் போடுகிறோம். யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. பயமும் அப்படித்தான் தேய்கிறது, மேடம். அதை மறுபடியும் போட ஒரு பிரிவும் இல்லை, ஒரு ஆளும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் என் மகள் சேறும் சகதியுமாக வந்தாள். முழங்கையில் முந்தி வந்த கல் லாரி ஒன்று அவளைத் தாரிலிருந்து மண்ணுக்குத் தள்ளிவிட்டது. இரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவே, கால்வாய்க்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றிருக்கிறாள். உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. “நர்ஸுக்கு நீங்க நர்ஸா?” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மருந்து போட்டுவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பயம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. மறுநாளே 'பார்க்கலாம்' அறைக்குப் போய் நின்றேன். என் மகள் என்று சொன்னேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், மறுநாள் டூட்டியா என்று மகளிடம் கேட்டேன். லீவு என்றாள். நன்றாகத் தூங்கு என்றேன். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஜீப்பை முழங்கையில் நிறுத்திவிட்டுக் கம்பங்களைக் கழற்றினேன். ஆரஞ்சு மேல்சட்டை போட்டவன் சாலையோரத்தில் எதைச் செய்தாலும் அது வேலைதான். ஒரு பஸ் ஓட்டுநர் எனக்குக் கையை ஆட்டிவிட்டுக்கூடப் போனார். நான் சாலையில் எதையும் வைக்கவில்லை, மேடம். ஆணி போடவில்லை, எண்ணெய் கொட்டவில்லை. கழற்றினேன், அவ்வளவுதான். கழற்றுவதும் என் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். கழற்றிய இடத்தில் கூம்பு வைக்கவில்லை. விதிப்படி நான் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சாலையில் எது நடந்தாலும் தகவல் முதலில் எனக்குத்தான் வரும். வந்தது. டைல்ஸ் ஏற்றிய லாரி. போய்ச் சேர்ந்து, ஆட்கள் கூடுவதற்கு முன் கம்பங்களை அதனதன் குழாயில் நட்டுவிட்டு, பிறகு ஓட்டுநரிடம் போனேன். அவர் கால் நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளாம். கால் போனது, உயிர் போகவில்லை. அந்த வகையில் எனக்கு ஆறுதல்.

ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை என்று லீவில் இருந்த என் மகளையும் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் ஸ்கூட்டரில் வந்தபோது கம்பங்கள் எல்லாம் இடத்தில் நின்றன. எதிரே வந்த வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நானே அவளை வளைவைத் தாண்டி அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் முழங்கையில் முனகாத வண்டியே இல்லை. அவள் சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது.

பிறகு அதுவும் தேய்ந்தது. இரண்டாவது முறையும் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். காலை ஷிப்டுக்குப் பைக்கில் போன கணவனும் மனைவியும். கணவர் பிழைத்துவிட்டார், அந்தப் பெண்ணைக் கால்வாயின் மதகருகே எடுத்தார்கள். அதிவேகம் என்று என் அறிக்கையில் எழுதினேன். மெதுவாகத்தான் வந்தோம், கம்பத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தோம் என்று அவர் எல்லோரிடமும் அழுதார். வேகமாகத்தான் வந்தேன் என்று யார்தான் ஒத்துக்கொள்வார்கள். கவனமாக வருகிறவர்களுக்கு அங்கே எதுவும் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பனியில் எதுவும் தெரியவில்லையென்றால் நிறுத்த வேண்டியதுதானே.

உங்களுக்கு முன்னால் விசாரித்தவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாக் கம்பங்களையும் ஏன் கழற்றவில்லை, நேர்ப் பகுதியில் இருந்த முதல் சில கம்பங்களை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டார். ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் விட்டேன். அந்தச் சிவப்புப் பொட்டுகளை நம்பி வருகிறவர் அதே கோட்டில் நேரே போவார் என்று அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். படம் சரியாகத்தான் இருந்தது. அந்த மாதிரிப் படங்களை நானும் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது முறை போனவர், மாஸ்டர். அவரைப் பற்றிப் பேசத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆமை மாஸ்டர் என்பார்கள். அவர் கார் முன்னால் போனால் பின்னால் கல்யாண ஊர்வலம் மாதிரி வண்டிகள் நிற்கும், ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள், அவர் கண்ணாடியில் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். என் மகளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தன் காரில் எங்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவர். ஒரு நாளும் பெட்ரோலுக்குக்கூடக் கை நீட்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத்தான் நேரமாகும்.

அன்று சாயங்காலம் நான் கழற்றிக்கொண்டிருந்தபோது கூம்பு சைக்கிளில் அந்த வழியாக வந்தான். இறங்கி நின்றான்.

“கூம்பு வெக்கலையா சார்?” என்று கேட்டான்.

“வண்டியில இருக்கு. முடிச்சிட்டு வெச்சிடுவேன். நீ போ” என்றேன்.

ஜீப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். அங்கே கூம்பு எதுவும் இல்லை. நான் மேற்பார்வையாளன் என்பதால் மறுபடியும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மாஸ்டர் விடியற்காலையில் ஒரு மாணவரைக் கூட்டிவரத் தனியாகக் கிளம்பியிருக்கிறார். கம்பங்களைத் திரும்ப நடும்போது அவர் காரின் தடத்தை நான் பார்த்தேன். ஈர மண்ணில் சீராக, நேராக, கம்பங்களின் வரிசையை ஒட்டியே போயிருந்தது. பிரேக் அடித்த அடையாளமே இல்லை. அவர் சாவுக்கு வேகம் காரணமில்லை. குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார், சீட் பெல்ட் போட்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றத்தான் நேரமாகியிருக்கும் என்றார்கள். அவர் விதிவிலக்கு, மேடம். நூறு பேரில் ஒருத்தர் அப்படி அமைவது உண்டு. அந்த ஒருத்தர் அவராக இருந்தது என் துரதிர்ஷ்டம்.

என் மகளை அன்றும் லீவிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மாஸ்டரின் நெஞ்சை அவள்தான் அழுத்திக்கொண்டிருந்தாளாம், டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும். வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, நீங்கள் நம்பாவிட்டாலும்.

கூம்பு ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். “அன்னிக்கு நான் நின்னு, நானே வெச்சிட்டுப் போயிருக்கணும் சார்” என்றான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கூம்பு வைத்தேன், காற்றில் விழுந்திருக்கும், உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். ஆறுதல் சொல்வதற்கு யாரும் இல்லாமல் மனிதன் இருக்கக் கூடாது.

மாஸ்டர் பெயர் தெரிந்த மனிதர் என்பதால் ஊரே திரண்டுவிட்டது. 'பார்க்கலாம்' நேரில் வந்து, கால்வாயைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரும்புத் தடுப்புக்கு அனுமதி கிடைத்தது. குளிர்காலம் முடிந்ததும் போடுவார்கள். இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் வராத தடுப்பு அது. இனி அந்த வளைவில் எத்தனை உயிர் தப்பும் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். லாரிக்காரரின் கால், அந்தப் பெண், மாஸ்டர், எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தாலும் கணக்கு என் பக்கம்தான் வரும்.

ஆனால் குளிர்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. சில வாரங்களில் கீச்சு திரும்பி வந்துவிட்டது. மாஸ்டருக்காக அழுத அதே ஊர், அவர் விழுந்த இடத்தில் முந்திக்கொண்டு போனது. எனக்கு மனசே விட்டுப்போனது.

இந்தச் சமயத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். அவள் வார்டில் மூத்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், எதையும் வேடிக்கையாகப் பேசுவாள். “உன் லீவு நாளுக்கு ராசியே இல்லடி. நீ லீவு போட்டா முழங்கை யாரையாவது அனுப்பி வெச்சிடுது” என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு என் மகள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக அமைவதுதான் என்றேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் அவள் கூம்பு வீட்டுக்குப் போனதும், அவனிடம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டதும் அப்போது எனக்குத் தெரியாது.

இனி நான்காவது முறை. தடுப்பு வரும்வரை தாங்குவதற்காக, கடைசியாக ஒரு முறை என்று முடிவு செய்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு டூட்டியாம்மா?” என்று கேட்டேன்.

குழாயை மூடினாள். “லீவுப்பா” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே வாசல் கதவுகூடத் தெரியவில்லை, அவ்வளவு பனி. டீ போட்டேன். போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. லீவு நாள்தானே, அவளுக்கும் ஒரு டீ கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அவள் அறைக் கதவைத் தள்ளினேன்.

படுக்கை மடித்துவைத்திருந்தது. ஹெல்மெட் மாட்டும் ஆணியில் ஹெல்மெட் இல்லை. வாசலுக்கு வந்தேன். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் தரை மட்டும் காய்ந்து இருந்தது.

போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் மகள் மாஸ்டரிடம் கற்றவள். பனியில் முன்விளக்கைத் தாழ்த்தி, ஓரத்துக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போகிறவள். அவளைவிடக் கவனமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் இனி யாரும் இல்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓடினேன். ஜீப் வாசலிலேயே நின்றது, அதை எடுக்கத் தோன்றவில்லை. டீ கிளாஸ் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஒரு செருப்பு குடியிருப்பு வாசலில் கழன்றது, இன்னொன்று எங்கோ. பனிக்குள் எதுவும் தெரியவில்லை. கால்வாய்ப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று கூம்பு உங்களிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு நினைவில்லை.

முதலில் தெரிந்தது ஆரஞ்சு நிறம். சாலையின் நேர்ப் பகுதியிலிருந்து வளைவு முழுக்கக் கூம்புகள், இரண்டு அடிக்கு ஒன்றாக நின்றன. விடிவதற்கு முன்பே வந்து கூம்பு வைத்திருக்கிறான். அவன் நடுச்சாலையில் நின்று வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று முழங்கையில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் ஓரமாக ஸ்டாண்டு போட்டு நின்றது. அதற்குப் பக்கத்தில், கம்பம் இல்லாத குழாய் ஒன்றின் மேல் கால் வைத்தபடி என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். நான் ஓடி வருவதை முதலிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஏதோ ஒன்றை எதிர்பார்த்து, அது நடந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, கடைசியில் அதுவே நடந்துவிட்டதைப் பார்த்தவளின் முகம் அது. அவள் தோளைத் தொடப் போனேன். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள், கால்வாய்ப் பக்கமாக. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“மெதுவா போறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தினமும் சொல்வீங்களேப்பா” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “நான் மெதுவாத்தானே போவேன். அப்புறம் எதுக்கு ஓடி வந்தீங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மூச்சு வாங்கியது, மேடம். எங்கள் குடியிருப்பிலிருந்து முழங்கை கொஞ்சம் தூரம், எனக்கும் வயதாகிவிட்டது. நான் பதில் சொல்லாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.